குன்றின் பட்டா யார் பெயரில்?



ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். குர்து மொழியில் வந்த நினைவுக்குறிப்பு அது. தமிழில் சொன்னால், 'விரல்கள் ஒன்றையொன்று ஒடிக்கின்றன'. 1979 முதல் 1983 வரை ஈராக்கின் வடக்கு மலைகளில், சதாம் உசேனை எதிர்த்து நின்ற குர்துக் கட்சிகள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்ட கதை. எழுதியவர் நவ்ஷிர்வான் முஸ்தஃபா. கரையில் நின்று வேடிக்கை பார்த்து எழுதியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒடித்த விரல்களில் அவருடையதும் உண்டு. 1983 மே மாதம் பிஷ்தாஷான் என்ற மலைக்கிராமத்தில் முகாமிட்டிருந்த ஈராக்கியக் கம்யூனிஸ்டுகளை அவருடைய கட்சிப் படை தாக்கியது. பலர் செத்தார்கள். அதில் அவருக்கிருந்த பங்கைக் கம்யூனிஸ்டுகள் கடைசிவரை மறக்கவில்லை.

அந்த வரிசையில் அவர் எழுதிய அடுத்த பாகம் 1984க்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றியது. வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. தலைப்பு வைப்பதில் கெட்டிக்காரர். தன் கடைசிப் பத்தாண்டுக்கும் சேர்த்தே வைத்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்த மனிதர்தான் 2009இல், 64 வயதில், 'கோரான்' என்ற கட்சியைத் தொடங்கினார். கோரான் என்றால் மாற்றம். அந்தக் கட்சி 12 ஆண்டுகளுக்குள் எப்படித் தேய்ந்து போனது என்பதுதான் இன்றைய பேச்சு. உட்பூசலால் அழிந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூசல் இல்லாத கட்சி எங்கே இருக்கிறது? கோரானுக்குள் வந்த பூசல்களை வைத்துத் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. இருந்த ஒரே இடம் ஒரு மனிதர். அவர் போனதும் அவர் வீட்டுச் சொத்துதான் மிச்சம். இதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈராக்கிய குர்திஸ்தானில் கட்சிக்கு நிறம் உண்டு. நிறத்துக்கு நிலப்பரப்பு உண்டு. எர்பிலும் துஹோக்கும் மஞ்சள். அது பர்ஸானி குடும்பத்தின் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி, 1946இல் பிறந்தது. அங்குள்ள மக்கள் அதை 'பார்ட்டி' என்றே சொல்கிறார்கள். கட்சி என்றாலே அதுதான் என்பதுபோல! சுலைமானியா பச்சை. அது ஜலால் தலபானி குடும்பத்தின் குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம். குர்து மொழியில் 'யெகெத்தி', அதாவது ஒற்றுமை. 1975இல் ஈரானும் ஈராக்கும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கிக்கொண்டதும் முல்லா முஸ்தஃபா பர்ஸானியின் ஆயுதப் போராட்டம் சரிந்து விழுந்தது. அந்தச் சரிவிலிருந்து யெகெத்தி பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் நவ்ஷிர்வானும் ஒருவர். வியன்னாவில் படித்துக்கொண்டிருந்தவர் படிப்பை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்.

1991இல் எழுச்சி. மார்ச் 5 அன்று ரானியாவில் பற்றிய தீ இரண்டே நாளில் சுலைமானியாவுக்கு வந்தது. அந்த எழுச்சிக்குத் திட்டம் வகுத்தவர் என்று இன்றும் நவ்ஷிர்வானைத்தான் சொல்கிறார்கள். 1992 மே மாதம் முதல் தேர்தல். இரண்டு கட்சிகளும் ஏறக்குறையச் சமமாக வந்தன. ஆளுக்கு ஐம்பது என்று இடங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அமைச்சர் ஒரு கட்சி என்றால் துணை அமைச்சர் மறு கட்சி. கடைசியில் காவல்காரன் வரை இந்தப் பாகப்பிரிவினை இறங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1994இல், துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். 1998இல் வாஷிங்டனில் கையெழுத்துப் போடும்வரை சண்டை ஓயவில்லை. அதற்குப் பிறகும் பெஷ்மெர்கா எனப்படும் குர்துப் படை இரண்டாகவே இருந்தது. யெகெத்தியின் பெஷ்மெர்கா '70', பார்ட்டியின் பெஷ்மெர்கா '80'. இந்த எண்களைச் சொன்னால் குர்திஸ்தானில் குழந்தைக்கும் தெரியும்.

இதில் எதிர்க்கட்சி எங்கே நிற்கும்? நிற்க இடமே இல்லை. வேலை, ஒப்பந்தம், வெளிநாட்டு மருத்துவச் செலவு எல்லாம் கட்சி வழியாகத்தான். மக்கள் 'பினமாலா' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். குடும்பம், வமிசம் என்று பொருள். ஆட்சியைப் பற்றிய புகார் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். 2007இல் இரண்டு பினமாலாக்களும் உத்திசார் ஒப்பந்தம் என்ற பெயரில் அதிகாரத்தைத் தங்களுக்குள் முறைப்படி பகிர்ந்துகொண்டன.

அதற்குச் சற்று முன்புதான், 2006இன் முடிவில், நவ்ஷிர்வான் யெகெத்தியின் துணைத் தலைமையிலிருந்து விலகியிருந்தார். உள்ளேயிருந்தே சீர்திருத்த முயன்று தோற்றவர் அவர். விலகியவர் கட்சி தொடங்கவில்லை, நிறுவனம் தொடங்கினார். பெயர் 'வுஷா'. சொல் என்று அர்த்தம். சுலைமானியாவில் ஸர்கத்தா என்ற குன்றின்மேல் அலுவலகம். அங்கிருந்து 'ரோஜ்நாமா' நாளிதழ் வந்தது. பிறகு கே.என்.என். தொலைக்காட்சி வந்தது. யெகெத்தியிலிருந்து மனம் கசந்து வெளியேறியவர்கள் ஒவ்வொருவராகக் குன்றேறினார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் குன்று, அடுத்து நிறுவனம், அதற்கு அடுத்தது பத்திரிகை. கட்சி கடைசியாகத்தான் வந்தது. இதற்குப் பிறகு நான் சொல்லப்போகும் வழக்குக்கெல்லாம் மூலப்பத்திரம் இதில்தான் இருக்கிறது.

2009 ஜூலை 25 தேர்தல். கருநீலக் கொடிகள் சுலைமானியாத் தெருக்களை நிறைத்தன. இரவெல்லாம் ஊர்வலம். பச்சைக் கட்சியின் சொந்த ஊரில் பச்சைக் கட்சியையே தோற்கடித்தார்கள். மொத்தம் 111 இடங்களில் ஆளும் இரு கட்சிகளின் கூட்டுப் பட்டியலுக்கு 59, கோரானுக்கு 25. பிறந்து சில மாதமே ஆன கட்சி! குர்திஸ்தான் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசை என்ற ஒன்றே அன்றுதான் உண்டானது. பட்ஜெட்டில் எண்ணெய்ப் பணம் எங்கே போகிறது என்று ஒரு உறுப்பினர் எழுந்து நின்று கேட்பதும், அதைத் தொலைக்காட்சியில் வீட்டிலிருந்து பார்ப்பதும் அந்த மக்களுக்குப் புது அனுபவம். கோரான் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். பின்னால் எத்தனை கேடு வந்தாலும் இது கணக்கில் நிற்கும்.

இனி உள்வீட்டுக்கு வருவோம்.

கட்சி என்ற சொல்லையே நவ்ஷிர்வான் விரும்பவில்லை. கோரான் ஓர் இயக்கம் என்றார். பொலிட்பீரோ இல்லை, பொதுச்செயலாளர் இல்லை. 'பொது ஒருங்கிணைப்பாளர்' உண்டு. 'அறைகள்' உண்டு. தேர்தல் அறை, வெளியுறவு அறை என்று வேலை வாரியாகப் பிரித்தார்கள். மேலே சபைகள். பழைய லெனினியக் கட்டமைப்பிலேயே வளர்ந்த ஒருவர், யெகெத்திக்குள் 'கொமலா' என்ற மார்க்சிய அமைப்பையே நடத்தியவர், அந்தக் கட்டமைப்பின் வாடையே வேண்டாம் என்று ஒதுங்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பொலிட்பீரோ எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் அங்கே ஓட்டெடுப்பு என்று ஒன்று நடக்கும். இருபது பேர் உட்கார்ந்து, பதினொரு பேர் கை தூக்கினால் ஒன்பது பேர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அறைகளில் அது இல்லை. ஒவ்வொரு அறைக்கும் கதவு இருந்தது. எல்லாக் கதவும் ஒருவருடைய அறைக்குள் போய்த் திறந்தன.

அவர் இருக்கிறவரை இது குறையாகத் தெரியவில்லை. வரலாறு படித்தவர், அதிகம் பேசாதவர், ஊழல் கறை படியாதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அவர் சொன்னால் போதும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். உள்ளே இரண்டு மூன்று விதமான ஆட்கள் சேர்ந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. யெகெத்தியிலிருந்து வந்த பழைய பெஷ்மெர்காத் தளபதிகள் இருந்தார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இருந்தார்கள். இவர்கள் யாரையும் அறியாமல், நீலக் கொடியைப் பார்த்து வந்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. தளபதிகளுக்கு வேண்டியது யெகெத்தியைப் பழிவாங்குவது, இல்லாவிட்டால் திருத்துவது. பத்திரிகையாளர்களுக்கு வேண்டியது சட்டம். இளைஞர்களுக்கு வேண்டியது வேலை. மூன்றையும் 'மாற்றம்' என்ற ஒரே சொல் போர்த்தியிருந்தது.

2011இல் போர்வை முதன்முதலாக விலகியது. துனீசியாவிலும் எகிப்திலும் மக்கள் தெருவில் நின்ற நேரம். ஜனவரி 29 அன்று கோரான் ஏழு அம்ச அறிக்கை ஒன்றை விட்டது. அரசையும் நாடாளுமன்றத்தையும் கலைக்க வேண்டும் என்றது. பிப்ரவரி 17 அன்று சுலைமானியாவில் பார்ட்டியின் அலுவலகத்துக்கு முன் கூட்டம் கூடியது. மேலிருந்து சுட்டார்கள். அதன்பின் நகரின் நடுவே சரா சதுக்கத்தில் இரண்டு மாதம் மக்கள் கூடினார்கள். ஏப்ரலில் படையை இறக்கிக் கலைத்தார்கள். குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டு மாதத்தில் கோரான் எங்கே நின்றது? சதுக்கத்தில் பேசியவர்களில் அதன் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் சதுக்கம் அதன் கையில் இல்லை. முழுமூச்சாக இறங்கினால் மறுபடி உள்நாட்டுப் போர் வரும் என்று தளபதிகள் அஞ்சினார்கள். 1994ஐக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இறங்காவிட்டால் ஏன் அறிக்கை விட்டீர்கள் என்று இளைஞர்கள் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். இந்த வழக்கு கட்சிக்குள் முறையாகப் பேசித் தீர்க்கப்படவே இல்லை. அப்படியே புதைத்துவிட்டு அடுத்த தேர்தலுக்குப் போனார்கள்.

2013 செப்டம்பர் தேர்தலில் பார்ட்டிக்கு 38, கோரானுக்கு 24, யெகெத்திக்கு 18. தாய்க் கட்சியைப் பிள்ளைக் கட்சி முந்திவிட்டது. வெற்றி வந்ததும்தான் உண்மையான தலைவலியும் வந்தது. எதிர்வரிசையிலேயே உட்காருவதா, ஆட்சியில் சேருவதா? எதிரே இருந்தால் வாக்களித்தவர்களுக்கு ஒரு கான்கிரீட் சாலைகூடப் போட்டுத் தர முடியாது. உள்ளே போனால் எதற்கு எதிராக வாக்குக் கேட்டோமோ அதிலேயே பங்கு. 2014இல் உள்ளே போனார்கள். யூசுஃப் முஹம்மது என்ற கோரான்காரர் நாடாளுமன்ற சபாநாயகர் ஆனார். நிதித்துறையும் பெஷ்மெர்காத் துறையும் கிடைத்தன.

எப்படிப்பட்ட துறைகள் என்று பாருங்கள். பாக்தாத் அரசு அந்த ஆண்டு குர்திஸ்தானுக்கான நிதியை நிறுத்திவிட்டது. எண்ணெய் விலையும் சரிந்தது. ஆகவே நிதியமைச்சர் கையில் நிதி இல்லை. பெஷ்மெர்காவோ 70, 80 என்று இரண்டு கட்சிகளின் கையில் இருந்தது. ஆகவே பெஷ்மெர்கா அமைச்சர் சொல்லைக் கேட்கப் படை இல்லை. ஐ.எஸ். அமைப்போடு போர் வேறு மூண்டுவிட்டது. ஆசிரியர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அவர்கள் யாரைத் திட்டுவார்கள்? நிதியமைச்சர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சியைத்தான். கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோன பிறகு ஒருவனைப் பந்தி விசாரணைக்கு நிறுத்துவார்களே, அந்த வேலையை வலியப் போய் வாங்கிக்கொண்டது கோரான்.

2015 ஆகஸ்டில் மசூத் பர்ஸானியின் குர்திஸ்தான் அதிபர் பதவிக்காலம் முடிந்தது. ஏற்கெனவே 2013இல் இரண்டு ஆண்டு நீட்டித்திருந்தார்கள். இன்னொரு நீட்டிப்பு கூடாது என்று கோரான் முன்னணியில் நின்றது. அக்டோபரில் சம்பளம் கேட்டுச் சுலைமானியாப் பக்கம் கலகம். பார்ட்டியின் அலுவலகங்கள் சிலவற்றைக் கொளுத்தினார்கள். கோரான்தான் தூண்டிவிட்டது என்றது பார்ட்டி. அக்டோபர் 12 அன்று சபாநாயகர் யூசுஃப் முஹம்மது சுலைமானியாவிலிருந்து காரில் எர்பிலுக்குப் போனார். வழியில் சோதனைச் சாவடி. உள்ளே விட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாடாளுமன்றத்தின் சபாநாயகரைச் சாவடிக்காரர்கள் வண்டியைத் திருப்பச் சொல்கிறார்கள். அவரும் திருப்பிக்கொண்டு போகிறார். வேறு என்ன செய்வார்? கோரானின் நான்கு அமைச்சர்களையும் பதவி நீக்கினார்கள். நாடாளுமன்றம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்தது.

அரசைவிட்டு அன்றே முறைப்படி விலகியிருந்தால் கட்சி பிழைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். விலகவில்லை. 2017 டிசம்பர் வரை, பதவியில் அமைச்சரும் இல்லாமல், எதிர்க்கட்சி என்ற பெயரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கினார்கள். இடையில் 2016 மே 17 அன்று யெகெத்தியோடு ஒப்பந்தம். யாரை விட்டு வெளியே வந்தார்களோ அவர்களோடு! பழைய தளபதிகளுக்கு அது சொந்த வீட்டுக்குத் திரும்புகிற மகிழ்ச்சி. யெகெத்தியின் ஊழலைப் படம்பிடித்துக் காட்டித்தான் தொலைக்காட்சியில் பெயர் வாங்கிய இளைய உறுப்பினர்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரி. வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா?

இந்தச் சமயத்தில் நவ்ஷிர்வான் பெரும்பாலும் லண்டனில் சிகிச்சையில் இருந்தார். குர்திஸ்தான் திரும்பிய சில நாளிலேயே, 2017 மே 19 அன்று, காலமானார். ஸர்கத்தா குன்றின்மேலேயே அடக்கம் செய்தார்கள். ஊரே திரண்டு வந்தது.

இப்போது பட்டாவுக்கு வருகிறேன்.

அடுத்த ஒருங்கிணைப்பாளராக ஓமர் சையித் அலி தேர்வானார். பழைய யெகெத்திப் போராளி, மரியாதைக்குரியவர், வயதானவர். ஆனால் கட்சி அலுவலகம் நின்ற குன்றும், தொலைக்காட்சியும், நிறுவனமும் நவ்ஷிர்வானின் வழியில் அவர் மகன்கள் நமா, சியா இருவரிடம் இருந்தன. கட்சிச் சொத்தைக் கட்சிக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தரப்பு கேட்டது. அப்பா உண்டாக்கிய நிறுவனம், கட்சிக்கு முன்பே இருந்தது என்று இன்னொரு தரப்பு பேசியது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பினமாலா ஆட்சியை எதிர்க்கப் பிறந்த கட்சி தன் வீட்டுக் கூரைக்காக ஒரு பினமாலாவின் கையைப் பார்த்து நின்றதே, அதுதான் என்னை உறுத்துகிறது. மகன்களைக் குறை சொல்வது எளிது. ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் அரை நாளில் முடிகிற காரியத்தைப் பத்தாண்டாகச் செய்யாமல் விட்டவர் தகப்பனார் அல்லவா? ஊர்ச் சொத்தை நல்ல மனிதர் பெயரில் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்கிற ஊர்கள் உண்டு. நல்ல மனிதரும் ஒரு நாள் சாவார் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். (இந்த இடத்தில் சிலர் சிரிக்கிறீர்கள். பேச்சு முடிந்ததும் 'நம்ம ஊர்ல...' என்று ஆரம்பித்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். அதை வெளியே தேநீரோடு வைத்துக்கொள்வோம்.)

அதற்குப் பிறகு வீழ்ச்சி வேகமாக வந்தது. 2017 செப்டம்பர் 25 அன்று தனிநாட்டுக்கான கருத்தறியும் வாக்கெடுப்பு நடந்தது. இப்போது வேண்டாம் என்றது கோரான். அக்டோபரில் கிர்கூக் நகரம் குர்துகளின் கையைவிட்டுப் போனதும் அது சொன்னதே சரி என்றானது. ஆனால் சரியாகச் சொன்னதால் ஓட்டு விழவில்லை. 2018 மே 12 ஈராக் நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு என்று கோரான் குற்றம்சாட்டிய அன்றிரவே, யெகெத்தியைச் சேர்ந்த ஆயுததாரிகள் குன்றை நோக்கிச் சுட்டார்கள். ஒப்பந்தம் போட்ட பங்காளிகள்! ஈராக் நாடாளுமன்றத்தில் 2014இல் 9 இடம் வைத்திருந்தவர்களுக்கு 5 கிடைத்தது. செப்டம்பரில் குர்திஸ்தான் நாடாளுமன்றத்தில் 24, 12 ஆயிற்று.

பாதியான பிறகாவது நின்று யோசித்தார்களா என்றால், 2019இல் இந்த முறை பார்ட்டியோடு ஒப்பந்தம் போட்டுப் பிரதமர் மஸ்ரூர் பர்ஸானியின் அமைச்சரவையில் சேர்ந்தார்கள். 2015இல் பதவி பறிக்கப்பட்ட அதே பெஷ்மெர்கா அமைச்சர், முஸ்தஃபா சையித் காதிர், பிராந்தியத்தின் துணை அதிபர் ஆனார். பதவி வாங்கியவரைவிட வாங்க அனுமதித்த கட்சியின் மீதுதான் எனக்கு வியப்பு. உள்ளே எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். பட்ஜெட் கணக்கைப் பிரித்துப் பிரித்துப் பேசிப் பேரெடுத்த அலி ஹமா சாலிஹ் அவர்களில் ஒருவர். பேசிப் பார்த்தார், வெளியேறினார். அவருக்கு முன்பே ரபூன் மஃரூஃப் போன்றவர்கள், தொலைக்காட்சி முதலாளி ஷாஸ்வார் அப்துல்வாஹித் 2018இல் தொடங்கிய 'புதிய தலைமுறை'க்குப் போய்விட்டார்கள். அங்கேயும் நிறுவனரோடு ஒத்துப்போக முடியாமல் ஆட்கள் வெளியேறியது தனிக்கதை. அங்கேயும் தொலைக்காட்சிதான் முதலில், கட்சி பிறகு.

2021 அக்டோபரில் யெகெத்தியோடு கூட்டுப் பட்டியலில் ஈராக் தேர்தலைச் சந்தித்தது கோரான். கிடைத்தது பூஜ்யம்.

2024 அக்டோபர் 20 அன்று நடந்த குர்திஸ்தான் தேர்தலின் முடிவை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இப்போது மொத்தம் 100 இடம். பார்ட்டிக்கு 39, யெகெத்திக்கு 23, புதிய தலைமுறைக்கு 15. அலி ஹமா சாலிஹ் தொடங்கிய 'ஹல்வெஸ்த்' என்ற கட்சிக்கு 4. கோரானுக்கு ஒன்றே ஒன்று. 2009இல் நீலக் கொடி பிடித்த வீடுகள் இன்னும் சுலைமானியாவில்தான் இருக்கின்றன. அந்த ஓட்டுகள் இன்று இரண்டு மூன்று பட்டியல்களில் சிதறிக் கிடக்கின்றன. எத்தனையோ பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போவதில்லை.

டிசம்பர் 2 அன்று புதிய நாடாளுமன்றம் எர்பிலில் கூடியது. வழக்கப்படி வயதில் மூத்த உறுப்பினர் தலைமை தாங்கினார். எல்லோரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை சாவடியில் யாரையும் தடுக்கவில்லை. பிறகு சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய கட்சிகள் இரண்டுக்கும் பங்கு படியவில்லை. நாற்காலியைக் காலியாகவே விட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.